உழாத பயனும் தோண்டிய குழியும்: குறிஞ்சிப் பாடல்களில் காட்டுக்கிழங்கு

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் வரும் காட்டுக்கிழங்குகளை உரைகளும் பிற்காலத் திறனாய்வும் பெரும்பாலும் ‘ஒருவகைக் கிழங்கு’ என்ற அளவில் கடந்துவிடுகின்றன. கிழங்கைச் சுற்றி அமையும் வினைச்சொற்களைக் கவனித்தால், அது எந்தத் தாவரம் என்பதும் அதன் பின்னுள்ள உழைப்பு எவ்வாறு புலப்படுகிறது அல்லது மறைகிறது என்பதும் தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கபிலரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று (109) முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. குறுந்தொகை, பொருநராற்றுப்படை, கந்தபுராணம், திருக்குற்றாலக் குறவஞ்சி ஆகியன துணையாகின்றன. தேவாரம், போடிநாயக்கனூர் ஊர்களுக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவு, பாடல்களைச் சோதித்துப் பார்க்கும் நிலமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: வள்ளிக்கிழங்கு, கவலை, காந்தள், கபிலர், குறிஞ்சி, பளியர், உழைப்பு, வன உரிமை.

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுக்கு அடையாளம் காண முயன்ற ஆய்வுகள் பல. அவற்றுள் சில மலர்கள் பற்றிய வாதங்கள் இன்றும் ஓயவில்லை. அதே கபிலரின் பாடல்களில் மண்ணுக்கடியில் கிடக்கும் பொருள்களுக்கு அத்தகைய அக்கறை கிட்டவில்லை. மலர் கண்ணுக்குத் தெரிவது, கூந்தலில் ஏறுவது, உவமையாவது. கிழங்கு வயிற்றுக்குப் போவது. பாடல்களைப் பதிப்பித்தும் உரை வரைந்தும் வந்தோர் பெரும்பாலும் நெல் விளையும் சமவெளியினர். அவர்களுக்கு மலைக்கிழங்கு நூல்வழி அறிந்த பொருளாகவே இருந்திருக்கும். ‘ஒருவகைக் கிழங்கு’, ‘ஒருவகைக் கொடி’ என்னும் குறிப்புகளில் தவறில்லை. ஆனால் அக்குறிப்போடு நின்றுவிடும் வாசிப்பு, பாடலின் வாதத்தையே தவறவிடக்கூடும்.

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கும் தேவாரம், திருமுறையை நினைவூட்டும் பெயர் கொண்டிருப்பினும், தன் மேற்கே சுவர்போல் நிற்கும் மலையாலேயே வட்டாரத்தில் அறியப்படும் ஊர். கீழே திராட்சை, தென்னை, வாழை. மேலே எல்லை கடந்தால் இடுக்கியின் ஏலக்காடுகள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுக்காட்டில் பளியரும் முதுவரும் நெடுங்காலம் வாழ்ந்து வருகின்றனர். சங்கப் பாடல் குறிக்கும் கிழங்கு இன்றும் காட்டிலிருந்து தோண்டி உண்ணப்படும் நிலங்களுள் இம்மலைப்பகுதியும் ஒன்று. பாரியின் பறம்பு இதுவன்று. அது சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை எனக் கொள்ளப்படுகிறது. ஆயினும் பாடலிலுள்ள கொடியும் வினையும் எத்தகையவை என்று அறிய, அக்கொடியோடு வாழ்வோரின் நிலம் சான்றாக வேண்டும்.

பெயர் இறங்கிய கதை

இன்று ‘வள்ளிக்கிழங்கு’ என்று சொன்னால் சமவெளித் தமிழர் மனத்தில் தோன்றுவது சர்க்கரைவள்ளி. தென்மாவட்டங்களில் அதனைச் சீனிக்கிழங்கு என்பதும் உண்டு. அதற்கடுத்து மரவள்ளி. இவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. பதினாறாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ஐரோப்பியக் கப்பல் வழியே இந்தியக் கரைக்கு வந்தவை. முன்னது ஊமத்தைப் பூப்போன்ற குழல்வடிவப் பூவுடைய தாளிக் குடும்பத்தது. பின்னது ஆமணக்கின் உறவு. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவல்ல. சங்க காலத்து வள்ளிக்கும் உறவல்ல. திருவாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளியைப் பஞ்சகால உணவாகப் பரப்பினார் என்பது அறிந்த செய்தி. ஏலமலை அவ்வரசின் ஆட்சிக்குட்பட்டிருந்ததால், தோட்டத் தொழிலாளரின் அடுப்புக்கும் அக்கிழங்கே ஏறியது.

பழைய வள்ளியோ டயாஸ்கோரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த காட்டுக்கொடி. மரத்தைச் சுற்றி ஏறும். இதய வடிவ இலை கொண்டது. சில வகைகளில் இலை ஐந்தாகப் பிரிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வினத்தின் பல வகைகள் உள்ளன. வள்ளி, கவலை, நூறை என்னும் பெயர்கள் இவற்றுக்கு வழங்குகின்றன. எப்பெயர் எவ்வகைக்கு என்பது மலைக்கு மலை மாறும். ஒரு பெயருக்கு ஒரே தாவரம் என்று நூலகத்தில் அமர்ந்து முடிவு கட்டுவது இங்குப் பொருந்தாது.

புதிதாக வந்த பயிர் பழைய கொடியின் பெயரை எடுத்துக்கொண்டபின், பழையது ‘காட்டுவள்ளி’ என்று அடைமொழி பெற்றது. பண்ணைக்கோழி வந்தபின் வெறுங்கோழி ‘நாட்டுக்கோழி’ ஆனதைப் போன்றது இது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் அச்சேற்றியபோதே இப்பெயர் மாற்றம் நிகழ்ந்து முடிந்திருந்தது. ஆகவே, அச்சு நூலின் முதல் வாசகர்களுக்கே ‘வள்ளி’ என்ற சொல் இருபொருள் கொண்டிருந்தது எனலாம். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் பறம்புமலையில் சர்க்கரைவள்ளியே விளைவதும் இதன் விளைவாகும்.

இது வெறும் தாவரவியல் திருத்தமன்று. சர்க்கரைவள்ளி உழுது, பார் பிடித்து, கொடித்துண்டு நட்டு விளைவிக்கும் பயிர். பறம்பில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பயன்களைச் சொல்ல முற்பட்ட கபிலரின் பட்டியலில் அதனை வைத்தால், பாடல் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும். பெயரில் நேர்ந்த பிழை, வாதத்தையும் பிழையாக்குகிறது.

கபிலரின் நான்கு வினைகள்

புறநானூறு 109 முற்றுகைப் பாடல். மூவேந்தரும் பறம்பைச் சூழ்ந்து நிற்கின்றனர். மரந்தோறும் யானை கட்டினாலும், வயல்தோறும் தேர் நிறுத்தினாலும், முயற்சியாலோ வாளாலோ இம்மலையை அடைய முடியாது என்கிறார் கபிலர். யாழிசைத்து, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் வந்தால் பாரி நாட்டையும் மலையையும் தருவான் என்று முடிக்கிறார். இடையில்தான் நான்கு பயன்களின் பட்டியல் வருகிறது: மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன்.

இந்நான்கையும் திறனாய்வாளர் பொதுவாக ‘மலைவளம்’ என்று ஒரே சொல்லில் தொகுத்துவிடுவர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கபிலர் தனித்தனி வினை தருகிறார் என்பது கவனத்துக்குரியது. நெல் விளைகிறது. பலா முதிர்ந்து கனிகிறது. தேன் சொரிகிறது. இம்மூன்றும் கண்ணுக்குத் தெரியும் நிகழ்வுகள். முற்றுகையிட்ட படைவீரன் அடிவாரத்தில் நின்றே இவற்றைக் காணலாம். மூன்றாவதாகிய வள்ளிக்கு மட்டும் கபிலர் ஆளும் வினை வீழ்த்தல். கொழுத்த கொடி மேலே. அது கிழங்கை வீழ்த்துவது கீழே. ஆலமரத்தின் விழுதுக்குச் சங்க இலக்கியம் ‘வீழ்’ என்று பெயர் தருவதை இங்கு நினைவுகூரலாம். மேலிருந்து கீழ்நோக்கி நேராக இறங்குவது என்பதே அவ்வேர்ச்சொல்லின் பொருட்களம்.

காட்டு டயாஸ்கோரியாவின் கிழங்கு இறங்கும் முறையும் அதுவே. சர்க்கரைவள்ளி மேல்மண்ணில் பக்கவாட்டில் பருக்கும். காட்டுவள்ளி செங்குத்தாகக் கீழிறங்கும். பாறை இடுக்குகளில் வளைந்து வழி தேடி, மூன்று நான்கு அடிக்கும் கீழே போகும். கழுத்துப்பகுதி மெலிந்து நாரோடியிருக்கும். சதைப்பற்று அடிநுனியில் இருக்கும். கபிலர் வினையைத் தேர்ந்தது ஓசைக்காக மட்டும் என்று கொள்ளத் தோன்றவில்லை. அடுத்தடுத்த அடிகளின் முடிபுகளில் ஓசை ஒத்துச் செல்வது உண்மையே. ஆயினும் அந்த ஓசைக்குள் பொருந்திய வினை, செடியை அறிந்தவரின் வினையாக உள்ளது.

இன்னொன்றும் உண்டு. கபிலர் கொடியைக் கொழுத்தது என்கிறார். மழைக்காலத்தில் இக்கொடி தழைத்து ஏறும்போது, சென்ற ஆண்டுக் கிழங்கு சுருங்கி, புதுக்கிழங்கு கீழே உருவாகத் தொடங்கும். மழை ஓய்ந்து இலை மஞ்சளித்து, கொடி காய்ந்து சருகானபின்தான் கிழங்கு முற்றும். அதாவது கொடி கொழுத்திருக்கும் காலம் தோண்டும் காலமன்று. பாடல் காட்டுவது அறுவடையை அன்று, கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கும் பருவத்தை. தோண்டும் காலம் வரும்போது மேலே அடையாளமாக எஞ்சுவது ஒரு காய்ந்த தண்டு மட்டுமே. அது எந்த மரத்தைச் சுற்றியிருந்தது, எந்தப் பாறையருகே மண்ணில் இறங்கியது என்று நினைவு வைத்திருப்பவர் மலையில் வாழ்பவர். சூழ்ந்து நிற்கும் வேந்தரின் படைக்கு அது தெரியாது. மூங்கிலை எரிக்கலாம், பலாவை வெட்டலாம். மண்ணுக்குள் இருப்பதை அழிக்க அது எங்கிருக்கிறது என்று அறிய வேண்டும். முற்றுகைப் பாடல் ஒன்றில் கிழங்கு இடம்பெறுவதன் பொருத்தம் இதனால் கூடுகிறது. நான்கினுள் பகைவன் பார்வைக்கு எட்டாத உணவு அது ஒன்றே.

உழாமை வேறு, உழையாமை வேறு

இப்பாடலைப் பயிலும் இடங்களில் கேட்கும் விளக்கம், பாரியின் மலை உழைப்பின்றியே உணவு தரும் வளமுடையது என்பது. இவ்விளக்கம் பாடலில் இல்லாத ஒன்றைப் பாடலுக்குள் கொண்டுவருகிறது. கபிலர் உழவரை எழுவாயாக வைத்து, அவர்கள் உழாதவை என்கிறார். கேட்போர் வேந்தர், நெல்வயலின் வரியில் வாழ்வோர், உணவு என்றாலே ஏரடி உழவு என்று அறிந்தோர். அவர்களை நோக்கி, உங்கள் கணக்கில் வராத உணவு இங்குண்டு என்பதே கூற்றின் நோக்கம். மலையில் எவரும் உழைப்பதில்லை என்று கபிலர் எங்கும் சொல்லவில்லை. ஏர் இல்லை என்பது எதிர்மறை. அவ்விடத்தில் வேறு என்ன இருந்தது என்ற வினாவை உரைமரபு எழுப்பவில்லை.

தோண்டுகோல் இருந்தது. கல்லும் வேரும் பின்னிய சரிவில், ஒரு முழங்கையளவு கிழங்குக்காக மார்பளவு குழி தோண்டுவது எளிய வேலையன்று. பாதியில் நிறுத்தினால் கைக்கு வருவது நாரோடிய கழுத்து மட்டுமே. சதை அடியில் இருப்பதால் முழுதும் தோண்டினாலன்றிப் பயனில்லை. எல்லா வகையும் சுட்டவுடன் உண்ணத்தக்கவையும் அல்ல. நச்சுத்தன்மை கொண்ட வகையை மெல்லியதாகச் சீவி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, பின்பே வேகவைக்க வேண்டும். எது சுடுவது, எது ஊறவைப்பது என்பதை இலையையும் கொடி சுற்றும் திசையையும் கொண்டு அறிகின்றனர். தோண்டியபின் கழுத்துப்பகுதியைக் கொடியோடு மீண்டும் குழியில் வைத்து மண் தள்ளி மூடுவதும் மலைமக்களிடையே வழக்கம். அடுத்த ஆண்டின் கிழங்கு அதிலிருந்துதான் இறங்கும். ஏர் பூட்டாத வேளாண்மை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் பளியர் கிழங்கும் தேனும் கொண்டு வாழ்வோராகவே பதிவாகின்றனர். 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே களப்பணி செய்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னரும் காட்டுவள்ளியை அவர்களின் அடிப்படை உணவாகக் கண்டார். முதலாமவரின் பதிவில் கிழங்கு ஒரு குலத்தின் நாகரிக நிலையைக் குறிக்கும் அடையாளமாகிறது; ‘கிழங்கு தின்போர்’ என்பது அக்காலத்து ஆட்சியாளர் மொழியில் ‘பயிரிடத் தெரியாதோர்’ என்பதற்கு மறுபெயர். உழாமையை உழையாமையாக வாசிக்கும் பாட விளக்கத்துக்கும் இந்த ஆட்சியாளர் பார்வைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

கிழங்கை மையமாகக் கொண்ட வேறொரு இலக்கிய உலகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சினுவா அச்சிபி 1958இல் வெளியிட்ட முதல் நாவலில், நைஜீரியாவின் இக்போ மக்களிடையே இதே டயாஸ்கோரியா இனத்துக் கிழங்கு ஆணின் பயிர். களஞ்சியத்தில் அடுக்கிய கிழங்கே ஒருவனின் தகுதி. கடனாகப் பெறுவதும் விதைக்கிழங்குதான். அங்கு அது பயிராக்கப்பட்டதால் உழைப்பு கண்கூடாயிற்று, பெருமையும் ஆயிற்று. தமிழில் அது காட்டிலேயே நின்றுவிட்டது. உழைப்பும் காட்டோடு மறைந்தது.

குழிகள் இரண்டு

குறுந்தொகை 233இல் பேயனார் காட்டுவது கிழங்கை அன்று, அது போனபின் எஞ்சிய குழியை. கவலைக்கிழங்கு கெண்டப்பட்ட வாயகன்ற சிறுகுழியில் கொன்றைப்பூ உதிர்ந்து பரவியிருக்கிறது. செல்வர் வீட்டில் பொன் வைத்த பேழையின் மூடியைத் திறந்து வைத்தாற்போல அது தோன்றுகிறது. இது முல்லைத்திணைப் பாடல். தலைவியின் தந்தையது ஊர் இத்தகையது என்று தலைவன் காட்டுகிறான்.

கெண்டுதல் என்பது தோண்டுதல். இன்றைய பேச்சுவழக்கின் ‘கிண்டு’ இதன் உறவுச்சொல் எனத் தோன்றுகிறது. உவமையின் அழகை எடுத்துரைத்தோர் பலர். உவமைக்குள் நிகழும் இடமாற்றம் அத்தனை கவனிக்கப்படவில்லை. குழியில் இருந்த உண்மைச் செல்வம் எடுக்கப்பட்டுவிட்டது. வெற்றிடத்தை நிரப்புவது பூ. அப்பூவே பொன்னாகிறது. தோண்டியவர் யார் என்று பாடல் சொல்லவில்லை. குழியின் அளவு மட்டும் அவர் உழைப்புக்குச் சான்றாக நிற்கிறது. கபிலர் பாடலில் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தோண்டுபவர் இல்லை. பேயனார் பாடலில் தோண்டிய குழி இருக்கிறது, தோண்டியவர் போய்விட்டார். இரு பாடலையும் சேர்த்தால்தான் ஒரு வேலை முழுமையாகிறது.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் இதே குழி தொட்டிலாகிறது. மான் ஈன்ற பெண்குழந்தை வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடக்கிறது. குறவர் தலைவன் நம்பி கண்டெடுக்கிறான். குழியின் பெயரே குழந்தையின் பெயராகிறது. முருகனோடு வள்ளி இணைத்துக் கூறப்படுவது நற்றிணை 82 அளவு பழமையானது. கிழங்குக்குழியோடு பிறப்பை இணைக்கும் கதை விரிவாகக் கிடைப்பது புராணத்தில்தான். கிழங்கை எடுத்தபின் குழியை வெறுமையாக விடக்கூடாது, அதில் உயிருள்ள ஒன்றை வைத்து மூட வேண்டும் என்ற மலைவழக்கம் இக்கதையின் அடியில் உள்ளதா என்று கேட்கலாம். விடை உறுதியாகக் கிட்டாது. ஆனால் குழி வளமற்ற பள்ளமன்று, மீண்டும் பிறப்பிக்கும் இடம் என்ற எண்ணத்தைப் புராணம் கைவிடவில்லை.

நச்சுக்கிழங்கும் நடுகையும்

உணவுக்கிழங்கிலிருந்து மருந்துக்கிழங்குக்கு வரும்போது காந்தள் முன்னிற்கிறது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மகளிர் விரலுக்கு உவமையாகப் பாடப்பட்ட அளவுக்கு அதன் வேர்ப்பகுதி பாடப்படவில்லை. கலப்பை வடிவில் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்பது மருந்துக்கடைப் பெயர். அதிலுள்ள கோல்சிசின் சிறிதளவு மிகுந்தாலும் உயிரைப் போக்கும். அளவறிந்தால் மூட்டுவாத நோய்க்கு மருந்து. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதி உழவர்கள் விதைக்காக இதனைப் பந்தலிட்டு வளர்த்து ஏற்றுமதிக்கு விற்கின்றனர்.

குறுந்தொகை 361, கபிலர் பாடியது. தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழைநீரோடு காலையில் ஒரு காந்தள் அடித்து வருகிறது. தலைவி அதனை இலை குழையும்படி தழுவுகிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். அன்னை தடுக்கவில்லை. அதற்குக் கைம்மாறாக மேலுலகத்தைக் கொடுத்தாலும் சிறிது என்கிறாள் தலைவி. பூவாக மட்டும் வந்திருந்தால் அது மாலைக்குள் வாடியிருக்கும், நட முடியாது. அடியோடு பெயர்ந்து, கிழங்கோடு வந்ததால்தான் நடுதல் இயல்கிறது. உணவையும் நீரையும் தன்னுள் சேமித்திருக்கும் கிழங்கு, வெள்ளத்தில் ஓரிரவு உருண்டும் உயிர் தாங்கும். பாடலின் காதல் குறிப்பு முழுதும் இத்தாவர உண்மையின்மேல் நிற்கிறது: தலைவனின் மலையிலிருந்து பெயர்ந்த ஒன்று தலைவியின் வீட்டில் மீண்டும் முளைக்கும்.

கிழங்கு நச்சுடையது என்பதைக் கொண்டு, தலைவி இறக்கத் துணிந்தாள் என்று குறிப்புப்பொருள் உரைப்பதற்கு இடமுண்டு என எண்ணத் தோன்றலாம். பாடல் அதற்கு இடம்தரவில்லை. மகிழ்ச்சியே அதன் உணர்ச்சி. தாவர அறிவு வாசிப்புக்குத் துணை செய்ய வேண்டுமேயன்றி, கிடைத்த ஒவ்வொரு வேதிப்பொருளையும் உள்ளுறையாக்கக் கூடாது.

மாறுதல், கிள்ளுதல்

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் மாற்றிச் செல்வோரைக் காட்டுகிறார். கிழங்கு மலையை விட்டிறங்கிக் கடற்கரைப் பொருளோடு மாறுகிறது. தன் வயிற்றுக்குப் போக மிஞ்சியது இருந்தால்தான் மாற்ற முடியும். மிஞ்சுமளவு தோண்டியவர் இருந்தனர் என்பதற்கு இது நேர்ச்சான்று. ‘தானே கிடைக்கும் வளம்’ என்ற வாசிப்பை இவ்வொரு காட்சியே மறுக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்கு வரும்போது வினை மாறுகிறது. தன் மலைவளம் பாடும் குறத்தி, கிழங்கைக் கிள்ளி எடுப்பதாகச் சொல்கிறாள். கிள்ளுவது பூ, கீரை, தளிர். பாறைச் சரிவில் அடிக்கணக்கில் இறங்கிய கிழங்கைக் கிள்ள முடியாது. மோனைக்காக அமைந்த சொல் என்று விட்டுவிடலாம். அப்பாடலின் துள்ளலுக்கு முன் இது சிறு குற்றமே. ஆயினும் பூப்பறிப்பதும் கிழங்கெடுப்பதும் ஒரே விரலசைவாகிவிட்ட மலை அது. குரங்கு மாம்பழத்தைப் பந்தாடும் அம்மலையில் எவருக்கும் மூச்சு வாங்குவதில்லை. மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் மானியமாக அளித்தார். அது குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. உழாத மலையைப் பாடியதற்குப் பரிசாகக் கிடைத்ததும் நிலமே.

சட்டத்தின் வினை

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனமகசூல் என்பதற்கு வரையறை தரும் பிரிவில் ஒரு பட்டியலை வைக்கிறது. மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மருந்துச்செடிகள், வேர்கள், கிழங்குகள் ஆகியன அதில் உள்ளன. கபிலரின் நான்கனுள் மூங்கிலும் தேனும் கிழங்கும் ஈராயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு நாடாளுமன்றச் சட்டத்தில் மீண்டும் ஒன்றாக நிற்பது வியப்புக்குரியது. காட்டைச் சார்ந்து வாழ்வோர்க்கு இவற்றின்மேல் உடைமையுரிமை உண்டு என்று சட்டம் ஏற்கிறது. முன்பு குற்றமாகக் கருதப்பட்டது உரிமையாயிற்று, இம்மாற்றம் சிறிதன்று.

ஆனால் சட்டம் இப்பொருள்களுக்குத் தரும் வினை சேகரித்தல். மரபாகச் சேகரித்து வந்ததைச் சேகரிக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். உதிர்ந்த நெல்லிக்காயைப் பொறுக்குவதற்கு அச்சொல் பொருந்தும். கிழங்குக்குப் பொருந்தாது. கிழங்கெடுப்பவர் மண்ணைத் தோண்டியாக வேண்டும். காப்புக்காட்டில் மண் தோண்டுவது காவலர் கண்ணுக்கு வேறொரு செயல். சேகரித்தல் என்ற சொல்லுக்குள் குழி அடங்குமா என்பது, கையில் கடப்பாரையோடு சரிவில் நிற்பவருக்கு இலக்கணச் சிக்கலன்று.

தேவாரம், போடி மலைச்சரிவில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. மேலே ஏலத்தோட்டத்தில் நிழலுக்காக மரம் நிற்கிறது. அடிக்காடு களையாக நீக்கப்படுகிறது. மரத்தைச் சுற்றும் கொடிக்கு அங்கு இடமில்லை. கீழே அடிவாரம் வரை திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் வந்துவிட்டன. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்து மேகமலை 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. வள்ளி இறங்கும் மண் இடைப்பட்ட சரிவில் எஞ்சியுள்ளது. அங்குத் தோண்டுவோரின் பிள்ளைகள் நியாயவிலைக் கடை அரிசியில் வளர்கின்றனர். ஏலத்தோட்டக் கூலியும் கிடைக்கிறது. கிழங்கு உணவு குறைவதைப் பசியின் குறைவாகவே காண்பதும் ஒருவகையில் நேர்மை. காய்ந்த தண்டைக் கண்டு கிழங்கின் ஆழத்தைச் சொல்லும் அறிவு அத்துடன் குறைகிறது என்பதும் உண்மை.

இவ்வினைச்சொற்களை நிரல்பட வைத்துப் பார்க்கையில் ஒன்று மட்டும் வள்ளியைச் சேராமலே நிற்கிறது. வீழ்த்தல், கெண்டுதல், மாறுதல், கிள்ளுதல், சேகரித்தல் ஆகிய அனைத்தும் கிழங்கு உருவாவதையோ எடுக்கப்படுவதையோ கைமாறுவதையோ சொல்கின்றன. கழுத்தைக் குழியில் திரும்ப வைத்து மண் மூடும் செயலுக்குச் சட்டத்தில் சொல்லில்லை. இங்கு எடுத்துக்கொண்ட பாடல்களிலும் வள்ளிக்கோ கவலைக்கோ அச்சொல் வரவில்லை. கபிலரிடம் அந்த வினை உண்டு. ஆனால் அதை அவர் காந்தளுக்குக் கொடுத்தார். நடுபவள் தலைவி, நடும் இடம் வீடு.